கடல் நாளை முதலில் வையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: மத்தியத்தரைக் கடலோரத்தில் தனிப் படகு அமர்த்திச் சுற்றுவது. அதிலும் இத்தாலியின் அமால்ஃபி கரையை விட்டு நம் வாசகர்கள் நகர்வதாக இல்லை. அதனால் பதில்களும் அங்கேயே அதிக நேரம் நிற்கின்றன.

ஜூன் பள்ளி விடுமுறையில் எட்டுப் பேர் அமால்ஃபிக்குப் போகிறோம். எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் உண்டு. நாள் முழுவதும் படகு எடுத்து காப்ரித் தீவையும் பார்த்துவிடலாமா? அரைநாள் போதுமா?
– பொங்கோல் வாசகி

அரைநாள் போதும். காப்ரியைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் வேறொரு நாள் ஃபெர்ரியில் போய்வாருங்கள்.

கணக்கைப் பாருங்கள். அமால்ஃபியிலிருந்து காப்ரிக்குக் கடல்வழியே ஏறத்தாழ 16 கடல் மைல். குடும்பங்கள் அமர்த்தும் படகு மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் ஓடினாலும் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பவும் அவ்வளவே. நீந்துவதற்கு எங்கும் நிற்காமல் தீவைச் சுற்றிவரவே ஒன்றரை, இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரப் பயணத்தில் நீங்கள் நிம்மதியாகத் தண்ணீரில் இருக்கும் நேரம் இரண்டரை மணியைத் தாண்டாது. திரும்பும் நேரமும் பிற்பகல். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடல்காற்று கிளம்பும். காலையில் கண்ணாடிபோல் கிடந்த கடலில் குட்டையான, கடினமான அலைகள் எழும். படகு ஒவ்வோர் அலையிலும் தட்டித் தட்டிப் போகும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, உங்கள் அப்பாவின் முதுகுக்கு அல்ல.

அரைநாள் என்றால் காலை ஒன்பது மணிப் படகைக் கேளுங்கள். பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கிளம்புவது சற்று மலிவாக இருக்கலாம், ஆனால் மேலே சொன்ன அலை நேரம் முழுவதும் அதில் வரும். அமால்ஃபியிலிருந்து மேற்கே கிளம்பினால் முதலில் கொன்கா தேய் மரினி. அடுத்து ஃபுரோரே: மலையைப் பிளந்து கடல் உள்ளே நுழைந்திருக்கும் இடுக்கு, அதன் மேலே 30 மீட்டர் உயரத்தில் சாலைப் பாலம். பிறகு பிரையானோ, அதைத் தாண்டி பொசித்தானோ. பொசித்தானோ சரிவில் அடுக்கடுக்காக ஏறும் ஊர். அதன் முழு உருவம் கடலிலிருந்துதான் தெரியும். ஊருக்குள் இறங்கினால் படிகள், படிகள், படிகள். பெரியவர்களுக்காகவே இறங்காமல் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கிருந்து லி கல்லி என்ற மூன்று சிறு தீவுகள் வரை போய், இரண்டு இடங்களில் நங்கூரமிட்டு நீந்திவிட்டுத் திரும்ப நாலு மணி நேரம் சரியாக இருக்கும்.

படகு வகையில் 'கொட்ஸோ' கேளுங்கள். அந்தப் பகுதி மீனவர்களின் படகிலிருந்து வந்த வடிவம். 7 முதல் 9 மீட்டர் நீளம், அகன்ற வயிறு, முன்பக்கம் படுத்துக்கொள்ள மெத்தை, பின்பக்கம் துணிப்பந்தல். 'கொம்மோனே' எனப்படும் காற்றடைத்த விளிம்புப் படகு வேகமானது, ஆனால் குலுக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு வேண்டாம். சட்டப்படி இத்தகைய வாடகைப் படகில் 12 பயணிகள் வரை ஏற்றலாம். அது பந்தலின் கணக்கல்ல. பந்தல் பாதிப் படகைத்தான் மூடும், அதன் அடியில் வசதியாக ஐந்தாறு பேர் உட்காரலாம். எட்டுப் பேருக்கு 9 மீட்டர் படகாகவே பாருங்கள்.

கழிவறை இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். முன்பக்கத்து அறைக்குள் குனிந்து, மூன்று படி இறங்கி, தலை இடிக்காமல் உட்காரவேண்டிய கழிவறை அது. காகிதத்தை உள்ளே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அம்மாவைத் துறைமுகத்திலேயே போய்வரச் சொல்வது நல்லது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அமால்ஃபியில் நாலு நாள் தங்குகிறீர்கள் என்றால் படகை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். பலர் 'கடைசியில் ஒரு விருந்து மாதிரி' என்று நாலாம் நாளுக்குத் தள்ளுகிறார்கள். அன்று கடல் கெட்டால் போச்சு, மறுநாள் விமானம். இரண்டாம் நாளில் வைத்தால் தள்ளிப்போட இன்னும் இரண்டு காலைகள் கையில் இருக்கும்.

ஒரே வழி, ஒரே நேரம். ஒருவர் 700 யூரோ கேட்கிறார், இன்னொருவர் 1,200 கேட்கிறார். ஏன்?
– தெம்பனிஸ் வாசகர்

இரண்டும் ஒரே தொகையாக முடியவும் வாய்ப்பு உண்டு. குறைந்த விலையில் எதெல்லாம் சேரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். முதலாவது எரிபொருள். 'எரிபொருள் தனி' என்றால் எவ்வளவு வரும் என்று தோராயத் தொகையும் கேட்டு வாங்குங்கள். காப்ரி வரை போய்வந்தால் அது சிறு தொகையாக இருக்காது. இரண்டாவது இத்தாலிய மதிப்புக்கூட்டு வரி, 22 விழுக்காடு. 'வரி நீங்கலாக' என்று சின்ன எழுத்தில் இருந்தால் 1,000 யூரோ 1,220 ஆகிவிடும். ஒரு யூரோவுக்கு ஒன்றரை சிங்கப்பூர் வெள்ளி என்று போட்டாலும் அந்த ஒரு வரி மட்டும் 330 வெள்ளி.

பிறகு துறைமுகத்தில் நிற்கும் கட்டணம், குகை நுழைவுச்சீட்டு, துண்டு, மூச்சுக்குழாய்க் கண்ணாடி, குடிநீர். இவை சில்லறைதான், ஆனால் எட்டுப் பேருக்குப் பெருகும். சாப்பாடு எப்போதும் தனி.

விலை தவிர வேறொன்றையும் பாருங்கள். இத்தாலியச் சட்டத்தில் படகோட்டியோடு தரும் வாடகைக்கு 'நொலெஜ்ஜோ' என்று பெயர். படகை மட்டும் உங்கள் கையில் கொடுப்பது 'லொகாட்சியோனே'. ஒப்பந்தத்தில் இரண்டாவது சொல் இருந்து, படகோட்டியை 'நண்பர்' என்று அனுப்பிவைத்தால், விபத்து நேரும்போது படகுக்குப் பொறுப்பாளி நீங்கள். அரைவிலைக்கு வரும் படகுகளில் இந்தத் தந்திரம் உண்டு. 'வணிகப் பயன்பாட்டுப் பதிவும் பயணிகளுக்கான காப்புறுதியும் இருக்கிறதா' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் உடனே ஆவணத்தின் படத்தை அனுப்பும்.

சென்ற ஆண்டு வானம் நீலமாக இருந்தது, ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் காலையில் 'கடல் சரியில்லை' என்று பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பி வந்தது, ஆனாலும் ஏமாற்றியதாகவே தோன்றுகிறது.
– அங் மோ கியோ வாசகர்

பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் உங்களை ஏமாற்றவில்லை.

நமக்குக் கடல் என்றால் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து லாசரஸ் தீவு வரை. சுற்றிலும் தீவுகள், அலை எழ இடமில்லை. மழைமேகம் வந்தால் கடல் கெடும், போனால் சரியாகும். அமால்ஃபி கரை அப்படியல்ல. அது தெற்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் 'லிபெச்சோ', தென்கிழக்கிலிருந்து வரும் 'சிரொக்கோ' ஆகிய காற்றுகள் தொலைவில் எங்கோ கிளப்பிய அலை, காற்று ஓய்ந்த பிறகும் நீண்ட உருளலாக வந்து கரையை மோதும். வானம் நீலமாக இருக்கும், இலை அசையாது, ஆனால் பொசித்தானோ படகுத்துறையில் படகு ஒரு மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நடுக்கடலில் அந்த உருளல் ஆபத்தில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும்போதுதான் கால் சிக்கும்.

அடுத்த முறை போகும்போது காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காமல் அலையின் உயரத்தையும் திசையையும் காட்டும் முன்னறிவிப்பைப் பாருங்கள். தெற்கிலிருந்து அரை மீட்டருக்கு மேல் என்று இருந்தால் முதல்நாள் மாலையே நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பி, வடக்கு நோக்கிய சொரெண்டோ பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்கலாம். முன்பதிவின்போதே மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: ரத்து செய்வது யார் முடிவு, எத்தனை மணிக்குச் சொல்வார்கள், பணமா மாற்று நாளா. மேகமூட்டமாக இருக்கிறதே என்று நீங்களே வேண்டாமென்றால் எங்கும் பணம் திரும்பாது.

காப்ரியின் நீலக் குகை தனிப் படகுக் கட்டணத்தில் சேர்ந்துவிடுமா?
– செங்காங் வாசகி

சேராது. உங்கள் படகு குகைக்குள் நுழையவும் முடியாது. குகை வாசல் ஒரு மீட்டர் உயரந்தான். வெளியே உங்கள் படகு வரிசையில் நிற்கும். முறை வந்ததும் துடுப்புப் படகு ஒன்று பக்கத்தில் வரும், அதற்குள் மாறி ஏறி, மல்லாக்கப் படுத்துக்கொள்ளவேண்டும். படகோட்டி வாசலில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் நொடியில் உள்ளே இழுத்துவிடுவார். உள்ளே ஐந்து நிமிடம். வாசலுக்குக் கீழே தண்ணீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாகத் தண்ணீரை ஊடுருவி வருவதால் சிவப்பு வடிகட்டப்பட்டு நீலம் மட்டும் மிஞ்சுகிறது. நண்பகலை ஒட்டிய நேரத்தில் நிறம் மிக நன்றாக இருக்கும். வரிசையும் அப்போதுதான் மிக நீளமாக இருக்கும்.

கட்டணத்தை அங்கேயே கட்டவேண்டும், ரொக்கம் வைத்திருங்கள். துடுப்புக்காரர் அன்பளிப்பும் எதிர்பார்ப்பார். உள்ளே நீந்த அனுமதி இல்லை. சற்றே அலை இருந்தாலும் வாசலை மூடிவிடுவார்கள், அதை யாரும் முன்கூட்டி உறுதியளிக்க முடியாது.

உண்மையான செலவு நேரம். எட்டு மணி நேரத்துக்கு 1,000 யூரோ கொடுத்த படகு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றால், அந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் கொடுத்த காத்திருப்புக் கூலி 190 யூரோவை நெருங்கும். குகைதான் கனவு என்றால் ஃபெர்ரியில் காப்ரி போய், அனாகாப்ரியிலிருந்து பேருந்தில் இறங்கிக் கரையோரப் படிக்கட்டில் வரிசை நில்லுங்கள். தனிப் படகின் நேரத்தை ஃபராலியோனி பாறைகளுக்குக் கொடுங்கள். கடலில் நிற்கும் மூன்று பாறைகளில் நடுப்பாறையில் இயற்கையான வளைவு உண்டு, அதற்குள் படகு நுழைந்து போகும். வரிசை இல்லை, கட்டணமும் இல்லை.

படுக்க முடியாத பெரியவர்களுக்கு கொன்கா தேய் மரினியில் மரகதக் குகை இருக்கிறது. 1932-ல் ஒரு மீனவர் கண்டுபிடித்தது. சாலையிலிருந்து மின்தூக்கியிலும் இறங்கலாம், உள்ளே உட்கார்ந்தபடியே சுற்றிவரலாம்.

டிசம்பர் விடுமுறையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும் அல்லவா?
– ஈஷூன் வாசகர்

படகும் இருக்காது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் பருவம். அதன்பின் பெரும்பாலான படகுகளைக் கரையேற்றிச் சாயம் பூசுவார்கள். நம் பள்ளி விடுமுறைகளில் ஜூன்தான் பொருந்துகிறது. செப்டம்பர் ஒரு வார விடுமுறை இன்னும் நல்லது: கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் 24, 25 பாகையில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் அதைவிட மூன்று பாகையாவது குறைவு. நம் 29 பாகைக் கடலுக்குப் பழகிய பிள்ளைகள் குதித்த வேகத்தில் ஏறிவிடுவார்கள், மெல்லிய நீச்சல் மேலாடை எடுத்துப் போங்கள்.

என்னிடம் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமம் உண்டு. நானே ஓட்டலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையிலான படகுக்கு உரிமமே வேண்டாம். 18 வயது நிறைந்திருந்தால் போதும், கரையிலிருந்து 6 கடல் மைலுக்குள் ஓட்டலாம். கிரேக்கத்தில் வரம்பு 30 குதிரைத்திறன், ஸ்பெயினில் 15, பிரான்சில் வெறும் 6. குரோவேஷியாவில் சிறு மோட்டார் படகுக்கும் உரிமம் கேட்பார்கள். பெரிய படகு வேண்டுமானால் உங்கள் உரிமத்தை ஏற்பார்களா என்பதை வாடகை நிறுவனத்திடமும் அதன் காப்புறுதியிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிதவைகளின் நிறமுறை நமக்குப் பழகியதுதான்: துறைக்குள் நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். ஏற்றவற்றம் நம் கடலில் மூன்று மீட்டரைத் தொடும், அங்கே பெரும்பாலும் அரை மீட்டரைத் தாண்டாது. அதனால் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அமால்ஃபியில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது நங்கூரத்தில். மலை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. கரைக்கு அருகிலேயே 15 மீட்டர் ஆழம். கொஞ்ச நேரம் நிற்கவும் ஆழத்தைப்போல் நாலைந்து மடங்கு கயிறு விடவேண்டும், அதாவது 60 மீட்டருக்கு மேல். வாடகைப் படகில் அவ்வளவு கயிறு இருக்காது. நங்கூரம் பிடித்ததுபோல் தோன்றும், எல்லாரும் தண்ணீரில் குதித்த பிறகு படகு மெல்ல நகரும். 6, 7 மீட்டர் ஆழமும் வெளிறிய மணல் தரையும் தெரிகிற இடத்தில் மட்டும் போடுங்கள். கருநிறத் திட்டு தெரிந்தால் அது பொசிடோனியா கடற்புல். மத்தியத்தரைக் கடலுக்கே உரியது, மீன்குஞ்சுகளின் தொட்டில். அதன்மேல் நங்கூரம் போடுவது பல இடங்களில் குற்றம்.

கடற்கரையிலிருந்து பொதுவாக 200 மீட்டர் நீச்சல்காரர்களுக்கு உரிய பகுதி. படகை மணலுக்கு நேரே விடுவதும் அபராதத்தை நேரே போய் வாங்குவதும் ஒன்றுதான்.

மூன்று பேர் சைவம், இருவர் ஹலால் மட்டும். படகில் என்ன சாப்பிடுவது?
– பிடோக் வாசகி

பெரும்பாலான படகுகளில் தண்ணீர், குளிர்பானம், பழம், வறுவல் அவ்வளவே. மதியச் சாப்பாடு என்று அவர்கள் சொல்வது ஏதாவது ஒரு கரையோர உணவகம். நெரானோ குடாவில் படகை மிதவையில் கட்டிவிட்டால் உணவகத்துச் சிறுபடகு வந்து அழைத்துப்போகும். அந்த ஊர்ப் பேரிலேயே ஒரு ஸ்பகெட்டி உண்டு, வறுத்த சுக்கினியும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது. பார்த்தால் சைவம் என்றே தோன்றும், ஆனால் அதில் போடும் புரொவொலோனே தெல் மொனாகோ பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் கிடைக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவக்காரர்கள் தக்காளி ஸ்பகெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். செத்தாரா பக்கம் போனால் நெத்திலியை உப்பிட்டு வடித்த 'கொலத்தூரா' என்ற சாறு காய்கறியிலும் கலந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு மீன் வகை ஏராளம். சிப்பி, இறால் சமையலில் வெள்ளை ஒயின் ஊற்றுவது வழக்கம், அது வேண்டாமென்று முன்பதிவிலேயே எழுதுங்கள்.

இங்கே உல்லாசப் படகு எடுத்தால் பீஹூன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோமே, அந்த வழக்கம் அங்கே செல்லுமா என்று முன்னால் கேளுங்கள். சம்மதித்தால் புளியோதரைக்கு நிகர் எதுவும் இல்லை: கெடாது, ஒழுகாது, குமட்டாது. இறைச்சியும் பால் பொருள்களும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதமும் கோழி ரெண்டாங்கும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எனக்கு ஃபெர்ரியில் பத்தாம் தீவுக்குப் போனாலே வாந்தி வரும். மாத்திரை போட்டால் சரியாகுமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

வாந்தி வந்தபின் போட்டால் சரியாகாது, அதுதான் பலர் செய்யும் தவறு. டைமென்ஹைட்ரினேட் வகையைப் படகேறுவதற்கு அரை முதல் ஒரு மணி நேரம் முன்பும், சின்னரிசினை இரண்டு மணி நேரம் முன்பும் போடவேண்டும். இரண்டுமே தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி, சிறு பிள்ளை என்றால் இங்கேயே மருந்தாளரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். படகில் முன்பக்க மெத்தை அழகாக இருக்கும், ஆனால் அங்கேதான் ஆட்டம் அதிகம். பின்பக்கக் கடைசியில் டீசல் புகை. நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி, தொடுவானம் தெரிகிறமாதிரி உட்காருங்கள். கைப்பேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், விடுதியின் முழுக் காலை விருந்தும் வேண்டாம். இரண்டு ரொட்டித்துண்டு போதும்.

அமால்ஃபி எல்லாரும் போகிற இடமாகிவிட்டது. வேறு எங்கே?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

துருக்கி. தென்மேற்குக் கரையில் 'குலெட்' எனும் மரப்படகுகள் போத்ரும், போஸ்புருன் பட்டறைகளில் கட்டப்படுபவை. அறை, சமையல்காரர், பணியாளரோடு வாரக்கணக்கில் வாடகைக்கு வரும். ஃபெத்தியே, கோஜெக் குடாக்கள் தீவுகளால் மறைக்கப்பட்டவை, கடல் அமைதி. போத்ரும் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்ற வடகாற்று நாள்கணக்கில் உரமாக வீசும், முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம். கத்தரிக்காய், தயிர், பருப்பு என்று சாப்பாடு நம் நாக்குக்கு அருகில் இருக்கும். ஹலால் கவலை குறைவு. கேக்கோவாவில் நிலநடுக்கத்தில் அமிழ்ந்த பழைய ஊரின் சுவர்களைத் தண்ணீருக்குள் பார்க்கலாம், அதன்மேல் நீந்தத் தடை உண்டு.

பிரான்சில் மார்செய்க்கும் கசிஸுக்கும் இடையிலான 'கலாங்க்' எனும் குறுகிய கடல் இடுக்குகள் 2012 முதல் தேசியப் பூங்கா. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவே நீலம். 'மிஸ்த்ரால்' காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு அடித்தண்ணீரை மேலே கொண்டுவருவதால், நடுக்கோடையிலும் ஒரே நாளில் கடல் 16 பாகைக்கு இறங்கும். இத்தாலியின் சிங்குவே தெர்ரேயில் ஐந்து ஊர்களையும் படகிலேயே பார்த்துவிடலாம் என்று நினைத்தால், கொர்னிலியாவுக்குத் துறையே இல்லை. ஊர் பாறை உச்சியில். ரயில் நிலையத்திலிருந்து 382 படி.

நான் நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டு. விசா வரும் முன் படகுக்குப் பணம் கட்டவேண்டுமா?
– சோவா சூ காங் வாசகர்

முன்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை இருந்தால் மட்டும் கட்டுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு. 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். விசா பார்ப்பவர்கள் படகுச் சீட்டைக் கேட்பதில்லை. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் ஷெங்கன் எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிவிட்டது. இறங்கிய அன்றே படகு என்று திட்டம் போடாதீர்கள்.

சொறிமீன் கடித்தால் வினிகர் ஊற்றலாம்தானே?
– கிளமெண்டி வாசகி

நம் பக்கத்துப் பெட்டிச் சொறிமீனுக்குச் சொல்லும் வைத்தியம் அது. மத்தியத்தரைக் கடலில் அதிகம் கொட்டும் ஊதாநிறப் பெலாஜியாவுக்கு வினிகர் வேண்டாம். ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்களை அது மேலும் வெடிக்கவைக்கலாம். நல்ல தண்ணீரிலும் கழுவக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கடல்நீரால் அலசி, சமையல் சோடாவையும் கடல்நீரையும் சம அளவு குழைத்து இரண்டு நிமிடம் பூசி, பழைய வங்கி அட்டையின் விளிம்பால் மெதுவாக வழித்தெடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ படகைத் திருப்பச் சொல்லி, 112-ஐ அழையுங்கள். ஒரு சிறு டப்பா சமையல் சோடாவும் ரப்பர் அடிக் கடற்செருப்பும் பையில் இருக்கட்டும். பாறையோரம் உட்கார்ந்திருக்கும் கடல் முள்ளெலியின் முள்ளைக் காலிலிருந்து எடுப்பதற்குள் அரைநாள் படகு முடிந்துவிடும்.